சங்குமுகம்: ஒரு கடற்கரைப் புறநகரின் வாழ்வும் மணலும்

திருவனந்தபுரம் மேற்குக் கோட்டை வாசலை விட்டுப் புறப்பட்டு, வள்ளக்கடவு வழியாகப் பார்வதி புத்தனாற்றின் பாலத்தைக் கடந்து, விமான நிலையத்தின் நீண்ட மதிற்சுவரைச் சுற்றிக்கொண்டு செல்பவர், சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளாகவே அரபிக்கடலின் எதிரில் வந்து நிற்பார். வடக்கே வேளிக் காயலிலிருந்து தெற்கே பூந்துறை வரையில், வெட்டுக்காடு, கண்ணாந்துறை, சங்குமுகம், கொச்சுத்தோப்பு, வலியதுறை, செறியதுறை, பீமாபள்ளி என்று ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் இந்த ஊர்கள், மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியவையே ஆயினும், நகரத்தார் பேச்சில் இன்றும் ‘கடப்புறம்’ என்றே வழங்கி வருகின்றன. சுற்றுலாக் கையேடுகள் இப்பிரதேசத்தைப் பற்றிக் கூறுவன சூரியாஸ்தமனமும், ஒரு பெரிய சிற்பமும், மாலைக்காற்றும் மட்டுமே. அவை பொய்யல்ல. எனினும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வசித்து வரும் ஒரு வாசஸ்தலத்தை, வந்து பார்த்துத் திரும்புவோரின் கண்கொண்டு மட்டும் அளப்பது நியாயமாகாது. அங்கே உற்சவமும், தொழிலும், உல்லாசமும், குடியிருப்பும் ஒரே மணற்பரப்பின் மீது எவ்வாறு ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தன என்பதையும், அந்த மணலே இன்று விலகிப் போகும்போது அவற்றுக்கு நேர்வது என்ன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கரையின் மீது காலத்தால் மூத்த உரிமை கொண்டாடக்கூடியது, நகரத்துப் பத்மநாபசுவாமி கோயிலில் உறையும் அனந்தபத்மநாபனின் ஆராட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் பத்து நாள் உற்சவத்தின் முடிவில், பத்மநாபசுவாமியும் நரசிம்மமூர்த்தியும் கிருஷ்ணனும் கருட வாகனங்களில் எழுந்தருளி, வேறு சில ஆலயங்களின் மூர்த்திகளும் உடன் வர, மேற்குக் கோட்டை வழியாகச் சமுத்திர ஸ்நானத்துக்காகச் சங்குமுகம் நோக்கிப் பவனி வருகிறார்கள். 1750-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யம் முழுவதையும் இறைவனுக்கு அர்ப்பணம் செய்து தம்மைப் பத்மநாபதாசன் என்று அறிவித்துக்கொண்டது முதல், அவ்வரச மரபின் தலைவர் உருவிய வாளேந்திக் கால்நடையாக இவ்வூர்வலத்தின் முன்னே செல்லும் வழக்கம் இன்றளவும் நின்று நிலவுகிறது. முடியாட்சி ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், குதிரைக் காவலரும் வாத்தியக் குழுவும் யானைகளும் சூழ நடைபெறும் இப்பவனி, இஸ்லாமியர் மிகுதியாக வாழும் வள்ளக்கடவின் வழியே செல்லும்போது, அவ்வூர் மக்கள் வீதியின் இருமருங்கிலும் திரண்டு நின்று அதனை எதிர்கொள்கிறார்கள். கடற்கரை மண்டபத்தை அடைந்ததும் விக்கிரகங்கள் நீராட்டப்பட்டு, இருள் கவிந்த பின்னர் தீவட்டிகளின் ஒளியில் ஊர்வலம் கோயிலுக்குத் திரும்புகிறது.

இவ்வூர்வலத்தின் பாதையில்தான் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. 1930-களில், அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜாவின் ஆர்வத்தாலும் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆதரவாலும் இங்கு ஒரு விமானத் திடல் உருவாயிற்று. 1935-இல் டாடா நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று தபாலுடன் இங்கே வந்து இறங்கியது. அந்தத் திடல் பின்னர் பெருகி வளர்ந்து, 1991-இல் சர்வதேச விமான நிலையம் என்னும் அந்தஸ்தைப் பெற்று, 2021-இல் தனியார் நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது. இத்தனை மாறுதல்களுக்கு இடையிலும், ஆராட்டு நாட்களில் விமானிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்படுகிறது. விமானங்களின் நேரங்கள் மாற்றி அமைக்கப்படுகின்றன. யானையும் வாகனமும் கடந்து சென்ற பின்னர் பாதை பரிசோதிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்படுகிறது. ஒரு புராதன வழியுரிமையை நவீன நிர்வாகம் இவ்வளவு மரியாதையோடு அங்கீகரித்திருப்பது பெரிதும் போற்றத்தக்கது. ஆனால் அதே ஓடுபாதை, கரைக்கு ஏறத்தாழ இணையாகக் கிடந்து, நகரத்துக்கும் கடப்புறத்துக்கும் நடுவே ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் ஒரு நீண்ட தடையாக நிற்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இறைவனுக்கு ஆண்டில் இரண்டு நாட்கள் திறக்கும் அந்த வழி, தலையில் மீன்சுமையோடு நகரத்துக்குச் செல்லும் பெண்ணுக்கு ஒருநாளும் திறப்பதில்லை. அவள் சுற்றியே போக வேண்டியவளாக இருக்கிறாள்.

விமானத் திடலுக்கு நெடுங்காலம் முன்னரே இங்கே அமைந்த மற்றோர் எல்லை பார்வதி புத்தனாறு. 1815 முதல் 1829 வரை ராஜப்பிரதிநிதியாக ஆட்சி புரிந்த ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில் வெட்டப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கும் இக்கால்வாய், தலைநகரைக் கடினங்குளம் காயலோடு இணைத்து, வடக்கேயுள்ள நீர்வழிகளுக்கெல்லாம் வாசலாக இருந்தது. வள்ளங்கள் வந்து அணைந்த அக்காலத்தில் வள்ளக்கடவு ஒரு வியாபார ஸ்தலம். ரயிலும் சாலையும் வந்த பிறகு இந்த ஆறு மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, ஆகாயத்தாமரை படர்ந்து, நகரத்தின் கழிவுநீரைச் சுமக்கும் சாக்கடையாகச் சீர்குலைந்தது; அதனை மீண்டும் தூர்வாரி நீர்ப்போக்குவரத்துக்கு உரியதாக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடந்து வருகின்றன.

கால்வாய் உள்நாட்டு வாணிபத்துக்கு வாசலாக இருந்தது போல, வலியதுறை வெளிநாட்டு வாணிபத்துக்கு வாசலாக இருந்தது. கொச்சியில் ஆழ்துறைமுகம் எழும்பும் வரையில் திருவிதாங்கூரின் தலைநகருக்குக் கப்பல் சரக்கு வந்து இறங்கிய துறைகளில் இது முக்கியமானது. இங்கிருந்த இரும்புக் கடல்பாலம், 1947-ஆம் ஆண்டின் இறுதியில் ‘பண்டிட்’ என்ற கப்பல் மோதித் தகர்ந்தது. அன்று உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்குப் பதிலாக 1956-இல் 214 மீட்டர் நீளமுள்ள புதிய கான்கிரீட் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. கப்பல்கள் வருவது நின்ற பிறகும் அப்பாலம் பயனற்றுப் போய்விடவில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கரையோரத்தில் அலைகள் சுவர்போல் எழுந்து வள்ளங்களைத் திருப்பி எறியும் நாட்களில், மீனவர்கள் தங்கள் கட்டுமரங்களைப் பாலத்தின் நுனிவரை தூக்கிச் சென்று, அலை உடையும் இடத்துக்கு அப்பால் அவற்றைக் கடலில் இறக்கி, தாங்களும் குதித்து, ஏறித் துடுப்பு வலித்துத் தொழிலுக்குப் போனார்கள். அலையளவை ஆராயும் அறிவியலாளருக்கும் அது பல ஆண்டுகள் அளவைக் கருவிகளைப் பொருத்தும் நிலையமாக உதவியது. 2021 மே மாதத்தில் எழுந்த கடும் கடல்சீற்றத்தில் பாலம் ஒரு பக்கம் தாழ்ந்தது. 2024 மார்ச் மாதத்தில் அதன் ஒரு பகுதி இற்று விழுந்தது. கப்பல் வராத பாலம் என்று நகரம் அதனை அலட்சியம் செய்திருந்தாலும், வலியதுறை மக்களுக்கு அது மழைக்காலத்துச் சோற்றுக்கு வழியாக இருந்தது என்பதை மறக்கலாகாது.

கடப்புறத்து மக்களின் சமய வாழ்வு தனியே விவரிக்கத்தக்கது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாகப் பயணம் செய்து, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அன்று முதல் இக்கரையின் மீனவரான முக்குவர் சமூகத்தில் பெரும்பாலோர் லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்களாக இருந்து வருகின்றனர். ஒவ்வொரு துறைக்கும் ஒரு கோயில். அந்தக் கோயிலின் பங்குப் பேரவையே ஊரின் வழக்குகளையும் வரிகளையும் வலைத்தகராறுகளையும் தீர்க்கும் சபையாகவும் நெடுங்காலம் விளங்கி வந்தது. வெட்டுக்காட்டிலுள்ள மாத்ரே தெ தேவூஸ் ஆலயத்தில் கிறிஸ்துராஜர் திருவுருவத்தின் முன்னே வெள்ளிக்கிழமைதோறும் கூடுவோரில் இந்துக்களும் இஸ்லாமியரும் குறைந்தவர்களல்லர். நவம்பர் மாதத்துத் திருநாளில் நகரமே அங்கே திரண்டு நிற்கும். அதே கரையில் சற்றுத் தெற்கே, இளஞ்சிவப்பு வண்ணம் பூண்ட உயர்ந்த மினார்களோடு நிற்கும் பீமாபள்ளி தர்கா, பீமா பீவியும் அவர் மைந்தர் மாஹீன் அபூபக்கரும் அடக்கமாகியுள்ள தலம். பத்து நாள் நடைபெறும் சந்தனக்குட உற்சவத்தில் சகல சமூகத்தினரும் குடமேந்தி வருகின்றனர். இவற்றைக் கூறிவிட்டு, இங்கே எப்போதும் சமாதானமே நிலவியது என்று முடித்துவிடுவது சரித்திரத்துக்குத் துரோகமாகும். 2009 மே மாதத்தில் செறியதுறைக்கும் பீமாபள்ளிக்கும் இடையே மூண்ட கலகமும், அதனையொட்டிக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பீமாபள்ளிக்காரர் சிலர் மாண்டதும் அவ்வூர் நெஞ்சில் இன்னும் ஆறாத புண்ணாகவே இருக்கின்றன.

இனி தொழிலைப் பற்றிக் கூற வேண்டும். மணலின் மதிப்பை முற்றிலும் அறிந்துகொள்ள இதுவே சிறந்த வழி. துறைமுகம் இல்லாத திறந்த கரையில் வாழும் மீனவனுக்குக் கடற்கரை மணலே படகுத்துறை. அதுவே வலை காயவைப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும், மீன் ஏலம் விடுவதற்கும், நெத்திலியும் வாளையும் உலர்த்துவதற்கும் உரிய களம். ஒரு கரைமடி வலையை இழுப்பதற்கு, நீளமான கயிற்றின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு இரு கூட்டத்தார் பின்னோக்கி நடந்து நடந்து வர வேண்டும். அதற்கு எவ்வளவு அகன்ற மணல்வெளி வேண்டும் என்பதை ஒருமுறை நேரில் கண்டவரே உணர்வர். கரைமடிக்கு முதியவரும் சிறுவரும் கூடக் கைகொடுக்கலாம். கடலுக்குப் போக இயலாதவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மணல் குறுகினால் முதலில் அழிவது இத்தொழிலே. அத்துடன் ஊரின் எளியோருக்கு இருந்த அந்தப் பங்கும் அழிந்து போகிறது.

ஆழ்கடலில் தூண்டில் போடுவோரின் ஞானமும் கரையோடு பிணைந்ததே. கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டுகளைப் ‘பாரு’ என்பர். அவற்றின் இருப்பிடத்தை, கருவி எதுவுமின்றி, கரையிலுள்ள இரு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும் திசையையும், வேறு இரு அடையாளங்கள் நேர்கோட்டில் வரும் மற்றொரு திசையையும் பொருத்திக் கண்டுபிடிக்கும் முறைக்குக் ‘கணிச்சம்’ என்று பெயர். மலையின் சிகரமும், கோயிலின் கோபுரமும், தேவாலயத்தின் உச்சியும், பள்ளியின் மினாரும் இதற்குப் பயன்படும் அடையாளங்கள். நீவாடு என்னும் நீரோட்டத்தின் திசையையும் நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் சேர்த்து உணரும் இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தது. 2018 ஆகஸ்டில் மத்திய கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இக்கரையின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் பிற இடங்களுக்கும் சென்று, அறியாத நீரில் ஆயிரக்கணக்கானோரை மீட்டதற்கு ஆதாரம் இந்த அறிவுதான். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலில் பூந்துறையும் விழிஞ்ஞமும் பொழியூரும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலூர்களும் தங்கள் ஆண்மக்களை இழந்து கதறியபோது, உரிய காலத்தில் எச்சரிக்கை வந்து சேரவில்லை என்பதே அவர்களின் தீராத குறையாக இருந்தது.

பெண்களின் பங்கு இதனினும் குறைந்ததன்று. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த சாளையையும் அயிலையையும் தலையில் சுமந்து, சாலைச் சந்தைக்கும் பாளையம் சந்தைக்கும் வீட்டு வாசல்களுக்கும் கொண்டு சேர்த்தவர்கள் இவர்களே. மீன் நாற்றம் என்று சொல்லிப் பேருந்துகளில் இவர்களை ஏற்ற மறுத்த ஒரு காலம் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் இவர்கள் கூடிப் போராடித் தனிப் பேருந்துகளைப் பெற்றார்கள். 2021-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ‘சமுத்ரா’ என்னும் பெயரில் மீன் விற்கும் பெண்களுக்காகக் கட்டணமில்லாப் பேருந்துகளை விட்டது. நகரத்துச் சமையலறைக்கும் கடப்புறத்துக்கும் உள்ள நாள்தோறுமான சம்பந்தம் இப்பெண்களின் தலைச்சுமையிலேயே நிலைபெற்று வந்திருக்கிறது.

மாலைப்பொழுதில் சங்குமுகம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. கோவளம், 1930-களில் அரச குடும்பத்தாரின் ஓய்வில்லமும் பின்னர் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதியும் எழுந்து, வெளிநாட்டாரின் கடற்கரையாக மாறிப்போயிற்று. சங்குமுகமோ நகரத்துக் குடும்பங்களின் கடற்கரையாகவே இருந்து வருகிறது. அலுவலகம் விட்டவர்களும், குழந்தைகளோடு வந்த தாய்மார்களும், ஊரிலிருந்து வந்த உறவினரை விமானம் ஏற்ற வந்து நேரம் மிஞ்சியவர்களும் இங்கே கலந்து அமர்கிறார்கள். தட்டுக்கடைகளில் கட்டன்சாயாவும், வறுத்த கடலையும், மரச்சீனியும் மீன்கறியும் விற்பனையாகின்றன. பழைய அரண்மனைக் கட்டடம் கலைக்கூடமாகியிருக்கிறது. மலம்புழை யட்சிச் சிலையைப் படைத்த கானாயி குஞ்ஞிராமன் இங்கே சயனித்த நிலையில் வடித்த ‘சாகரகன்னிகை’, திறந்த வெளியில் மக்கள் தொட்டும் சாய்ந்தும் பார்க்கும்படி அமையும் சிற்பக் கலைக்கு நல்லதோர் உதாரணம். 2020-இல் அதன் அருகிலேயே ஒரு பழைய ஹெலிகாப்டரைக் காட்சிப் பொருளாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, சிற்பி மனம் நொந்து ஆட்சேபித்தார். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். சிற்பத்தைச் சுற்றியுள்ள வெட்டவெளியும் சிற்பத்தின் அங்கமே. அதனை நிரப்பினால் சிற்பம் குறைகிறது. வேளியில், காயலும் கடலும் மணல்திட்டால் பிரிந்து, மழைக்காலத்தில் அத்திட்டு உடைந்து ஒன்றாகக் கலக்கும் அழகிய இடத்தில், அதே சிற்பியின் வேறு பல ஆக்கங்களையும் மிதவைப் பாலத்தையும் கொண்ட சுற்றுலாக் கிராமம் இருக்கிறது.

வேளிக்கு வடக்கே தும்பா. பூமியின் காந்த மத்தியரேகை அண்டிச் செல்வதால் மேல்வளிமண்டல ஆராய்ச்சிக்கு உகந்தது என்று விக்ரம் சாராபாயும் அவர் சகாக்களும் தேர்ந்தெடுத்த அவ்விடத்தில் அப்போது இருந்தது ஒரு மீனவ ஊரும் மகதலேனா மரியாளின் தேவாலயமும். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் இசைவோடும் பங்கு மக்களின் சம்மதத்தோடும் ஆலயமும் ஆயர் இல்லமும் விட்டுக்கொடுக்கப்பட்டன. குடும்பங்கள் புதிய இடத்துக்குப் பெயர்ந்தன. 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலையில் அங்கிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. ஆலயம் முதலில் அலுவலகமாகவும் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. ராமேஸ்வரத்துக் கரையில் பிறந்த அப்துல் கலாம் தம் விண்வெளிப் பணியைத் தொடங்கியது இங்கேதான். ஒரு தேசத்தின் பெருமுயற்சிக்காகத் தங்கள் கோயிலையும் மனையையும் கொடுத்த மக்களின் தியாகம், ராக்கெட்டின் சரித்திரத்தில் இரண்டொரு வாக்கியங்களுக்கு மேல் இடம் பெறாதது வருத்தத்துக்குரியது.

குடியிருப்பைப் பற்றிய சிந்தனையில் இக்கரை ஓர் அரிய முன்மாதிரியையும் கண்டிருக்கிறது. 1970-களின் நடுவில் பூந்துறையில் மீனவர்களுக்காக வீடுகள் அமைக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் வந்தது. பொதுவாக இத்தகைய வீடுகளை அரசு வகையினர் நேர்வரிசையாக அடுக்கிவிடுவது வழக்கம். அவரோ வீடுகளை முன்னும் பின்னுமாக விலக்கி அமைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைக்கவும், எதிரே வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் திறந்த முற்றம் அமையவும் வழி செய்தார். கடலை நோக்கிய சுவர்களில் செங்கல்லைத் துளை துளையாக அடுக்கி, காற்று அவற்றின் ஊடே புகுந்து போகும்படி செய்தார். வேகமான காற்றை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு வழிவிட்டு நிற்பதே கட்டடத்துக்குப் பாதுகாப்பு என்பது அவர் கொள்கை. செலவோ மிகச் சிறிது. மீனவனுக்கு வீடு என்பது உறங்கும் அறை மட்டுமன்று, அது தொழிற்கூடமும்கூட என்று உணர்ந்து கட்டிய அந்த அறிவு பின்னர் வந்த திட்டங்களில் தொடரவில்லை.

மணல் எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகிறது என்பதை இப்போது பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் பருவக்காற்றில், உயர்ந்து குறுகிய அலைகள் கரையின் மணலை அரித்து ஆழமற்ற கடலுக்குள் இழுத்துச் சென்று மேடாகக் குவிக்கின்றன. மழை ஓய்ந்த பின்னர், நீண்டு தாழ்ந்த அலைகள் அதே மணலை மெல்ல மெல்லக் கரைக்கு மீட்டுத் தருகின்றன. விவசாயி அறுவடையைக் குதிரில் இட்டு வைத்து வேண்டும்போது எடுப்பது போல, கடல் தன் மணலைச் சேமித்து வைத்துத் திருப்பித் தரும் வரையில், ஆடியில் குறுகிய கரை தையில் அகன்று கிடக்கும். மக்களும் அதற்கேற்ப வாழப் பழகியிருந்தார்கள். இத்துடன், கரைக்கு இணையாகவும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்நகர்வின் குறுக்கே கல்லால் ஒரு தடுப்பைக் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் மணலின்றி வறளும். இதற்குச் சென்னையைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலைக்குப் பிறகு அதன் தெற்கே மெரினா அகன்று விரிந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கரை அரிபட்டு, குப்பங்கள் பின்வாங்கின. மெரினாவில் உலாவும் நாம், அந்த மணல் வேறொருவர் வாசலிலிருந்து வந்தது என்பதை நினைப்பதில்லை.

திருவனந்தபுரத்துக் கரை கடந்த சில ஆண்டுகளாக இந்த வறட்சியைத்தான் அனுபவித்து வருகிறது. ஒக்கிக்குப் பின் வந்த மழைக்காலங்களில் சங்குமுகத்து மணல் பெரும்பாலும் மறைந்து, கரையோர விமான நிலையச் சாலையே இடிந்து கடலில் விழுந்தது. மக்கள் கரையில் இறங்க வேண்டாம் என்று தடை விதிக்கப்பட்டது. ஆழத்திலிருந்து எழுப்பிய கான்கிரீட் சுவரின் துணையோடு 2022-இல் சாலை மீண்டும் திறக்கப்பட்டது. சாலைக்குச் சுவர் கிடைத்தது. வலியதுறையில் வீட்டை இழந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது பழைய சிமெண்டுக் கிடங்கின் தரை. அங்கே துணிமறைப்புகளால் பிரித்த இடங்களில், கோடைவெப்பத்திலும் மழையீரத்திலும், ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தும் முதியோரைப் பேணியும் அவர்கள் வாழ்ந்த வாழ்வை, ஒரு மாநிலத் தலைநகரின் எல்லைக்குள் நடந்ததாக நினைக்கவே மனம் கூசுகிறது.

இதற்குக் காரணம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தெற்கே விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்போடு எழுந்த பெருந்துறைமுகமே காரணம் என்பது கடப்புறத்தாரின் வாதம். 2022-இல் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த மறியலின் தலையாய கோரிக்கைகளில் ஒன்று, கரையரிப்பை முறையாக ஆராய வேண்டும் என்பது. துறைமுகத் தரப்பினரும் அரசும் அவ்வாதத்தை மறுத்து, அரபிக்கடலில் புயல்கள் பெருகியதையும், துறைமுகத்துக்கு முன்பே இருந்து வந்த அரிப்பையும் சுட்டுகின்றனர். அலையைத் திருப்பி அடித்து அடிமணலைக் கிளறிவிடும் பாறைச் சுவர்களும், பல இடங்களில் கட்டிய சிறு மீன்பிடித் துறைகளின் தடுப்புகளும் இவற்றோடு சேர்ந்து எண்ணத்தக்கவை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் மணலின் நகர்வைக் கணக்கிடாமலே கல்லைக் கொட்டுவது என்ற ஒரே பழக்கம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருக்கிறது. துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல்கள் அங்கே வந்து அணைகின்றன. அது அகற்றப்படப் போவதில்லை. ஆகவே அதன் இருபுறமும் மணல் ஆண்டுதோறும் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதை அளந்து, அளவைகளை மலையாளத்தில் எளிய நடையில் அந்தந்தப் பங்குப் பேரவையின் முன்னே வைப்பது அரசின் குறைந்தபட்சக் கடமை. கரையின் அகலத்தைத் தம் வலைக்கயிற்றால் அளந்து பழகிய மக்கள் அக்கணக்கைச் சரிபார்க்கத் தகுதியற்றவர்கள் அல்லர்.

பூந்துறையில் கரையை விட்டு விலகிக் கடலுக்குள்ளேயே, மணல் நிரப்பிய பெருங்குழாய்களை இட்டு அலையின் வேகத்தைத் தணிக்கும் சோதனை நடந்திருக்கிறது. கரையில் கல்லைக் குவிப்பதினும் இது விவேகமான வழி. மற்றொரு வழி மக்களையே அகற்றுவது. ‘புனர்கேகம்’ என்னும் திட்டத்தின்படி, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் இடம்பெயர்ந்து மனை வாங்கி வீடு கட்டுவதற்குக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்கப்படுகிறது. வலியதுறையாருக்காக முட்டத்தறையில் 2018-இல் 192 குடியிருப்புகள் கொண்ட தொகுதி திறக்கப்பட்டு, மேலும் தொகுதிகள் எழுந்தன. கிடங்கின் தரையிலிருந்து சொந்தக் கூரையின் கீழ்ச் சென்றவர்களுக்கு இது பெரும் நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆனால் முட்டத்தறை கடலோரத்தில் இல்லை. நள்ளிரவில் காற்றின் திசை மாறுவதை வீட்டிலிருந்தபடியே அறிந்து எழுந்து செல்லும் தொழிலாளி, தன் வள்ளத்தையும் இயந்திரத்தையும் வலையையும் இரவெல்லாம் எங்கே, யார் காவலில் விடுவான்? விடியுமுன் ஏலத்துக்கு வர வேண்டிய பெண் எந்தப் பேருந்தில் வருவாள்? ஐம்பது மீட்டர் கடற்கரையை விட்டுச் சென்ற சமூகத்துக்கு, அங்கே வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் நிலைத்த உரிமை எழுத்தில் உண்டா? புதிய குடியிருப்பு ஒவ்வொன்றோடும் கரையில் பூட்டுடன் கூடிய ஒரு கருவியறையையும், விடியற்காலைப் பேருந்தையும், காலிசெய்த நிலம் வேறு எவருக்கும் ஒப்படைக்கப்படாமல் தொழிற்களமாகவே நிலைக்கும் என்னும் சட்டப்பூர்வமான உறுதியையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதே என் துணிபு. அவ்வுறுதி கிடைக்கும் வரையில், கடல் வாசற்படியை நனைத்தாலும் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடும்பங்களைப் பிடிவாதக்காரர் என்று குறை கூறுவதற்கு நகரத்தாருக்கு உரிமையில்லை.